இரண்டாவது போத்தல்

சுன்னாகத்தில், கராஜுக்குப் பின்னால்
லக்சாயினி தூக்குவாள். நான் தட்டு ஏத்துவன்.
ஒன்பது வருசம்.
முதல் பாரம் லொறி அச்சு,
இரண்டு பக்கமும் சீமெந்து வார்த்த பால்மா ரின்.

தொண்ணூற்றேழு கிலோ. தங்கம். பேப்பரில் படம்.
பதினெட்டாம் நாள் கடிதம்:
அவளின்ர மூத்திரத்தில்
வாய்க்குள் அடங்காத ஒரு பெயர்.

தன்ர போத்தலில் மூண்டு எண்டு இருந்ததாம்.
தாளில் எட்டு.
மற்றப் போத்தலை உடைச்சுப் பாக்கக்
கொழும்பில் கேட்ட காசுக்கு
அவளின்ர ஸ்கூட்டியும் காணாது
என்ர சங்கிலியும் காணாது.

விசாரணையில் என்னையும் கேட்டினம்,
சிங்களத்தில். ஒருவர் தமிழில் சொன்னார்:
"எடுத்தவவோ?"

ஒவ்வொரு தட்டின்ர நிறையும் சொல்லுவன்.
எந்த முழங்கால் முதல் நடுங்கும் எண்டும் சொல்லுவன்.
மார்கழி இருமலுக்கு நான் வாங்கிக் குடுத்த
பாணிமருந்தின்ர சீட்டை மட்டும்
வாசிக்கேல்லை.

"இல்லை" எண்டன்.
அவள் திரும்பி என்னைப் பாத்தாள்.

நாலு வருசத் தடை.
இப்ப அரிசி மில்லில் கணக்கெழுதுறாள்.
மூட்டை தூக்கிற பொடியளுக்கு
"முதுகை வளைக்காதை" எண்டுவாள்,
கொப்பியில இருந்து நிமிராமலே.

மற்றப் போத்தல்
இன்னும் எங்கேயோ குளிரில் இருக்கு.
நினைச்சால்
எனக்கு இருமல் வருது.