நாற்பது அடி

பினாங்கிலிருந்து வந்த பெட்டியில்
ரப்பர் பொத்தான் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று,
கூடவே ஒரு கேசட்.
ஒரு பக்கம் போர் விமானம்,
மறுபக்கம் யாரோ பதிந்துவிட்ட கல்யாண நாயனம்.
மாற்றிப் போட்டால்
ஏழு நிமிஷம் கெட்டிமேளத்தைப்
பொறுமையாகக் கேட்டுவிட்டு
சும்மா இருக்கும் அது.

சரியான பக்கம்
கீச்சிட்டுக் கதறித்தான் ஏறும்.
பிறகு கறுப்பு வெள்ளை டிவியில்
ஒரு கோடு, அதுதான் பூமி.
மேலே நான்கு புள்ளி, அவர்கள்தான் எதிரி.

வயிரவன் சுடுவான்.
சுட்டுக்கொண்டே இருப்பான்.
பெட்ரோல் முள் என் பொறுப்பு;
இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்தவள் நான் ஒருத்திதான்.
"இறங்குடா" என்றால்
"இன்னும் ஒண்ணே ஒண்ணு, உமையா."

அந்தக் கோடையில் அறுபத்தேழு பேரைச் சுட்டோம்.
ஒருமுறைகூடத் தரையிறங்கவில்லை.

கடைசியில் அவனைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்தேன்.
இரண்டு கோடுகள் மெல்ல அகன்று
ஓடுபாதை ஆயின.
நூறு அடி.
அறுபது.
நாற்பது
கரண்ட் போய்விட்டது.

மறுநாள் பள்ளத்தூரிலிருந்து சைக்கிளில்
கானாடுகாத்தான் பக்கம் போனோம்.
சண்டைக்காலத்து விமானத் திடல்:
வெடித்த தளம், ஆட்டுப் புழுக்கை, கருவேலம்.
அங்கேயும் இரண்டு ஓரமும்
தூரத்தில் ஒரே புள்ளியில் போய் முட்டின.
டிவி பொய் சொல்லவில்லை.

அவன் கைகளை விரித்துக்கொண்டு
டுடுடு என்று ஆடுகளைச் சுடப் போனான்.
நான் மிதிப்பதை நிறுத்தினேன்.
பிரேக் பிடிக்கவில்லை.
வேகம் தானே தீரட்டும் என்று விட்டேன்.

சக்கரம் நின்ற இடத்தில்
இடது காலை ஊன்றினேன்.
செருப்பு எங்கோ கழன்றிருந்தது.
தரை சுட்டது.