நான்காவது உருண்டை

ஆடி பிறந்தால் நாயுடுபுரத்தில் ஆள் வராது.
பதினெட்டு அறை, முப்பத்தாறு கண்ணாடி டம்ளர்,
ஜன்னல்வரை வந்து
உள்ளே வராமல் நிற்கும் மஞ்சு.
போனில் ஒருத்தன் வித்தை சொல்லித் தருகிறான்.
ஆரம்பப் பாடம், மூன்றே மூன்று.

ரூபாயை மேசையில் வை.
அதன்மேல் டம்ளரை வை.
தண்ணீர் ஊற்று, வாயைத் தட்டால் மூடு.
பக்கத்திலிருந்து பார்த்தால் காசு இருக்காது என்றான்.
எனக்கு இருந்தது.
நாலு நாள் இருந்தது.
ஐந்தாம் நாள் பிடிபட்டது:
டம்ளரின் அடி ஈரமென்றால் காசு மறையாது.
இந்த ஊரில் எதன் அடி ஈரமில்லை?
தீப்பெட்டி நமத்திருக்கிறது,
வருகைப் பதிவேடு நமத்திருக்கிறது,
போன சீசனில் கையெழுத்துப் போட்ட புதுத் தம்பதியின் பெயர்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஊறிவிட்டன.
பாய்லர் மேல் டம்ளரையும் காசையும் உலர்த்தி
சட்டையில் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.
போயிற்று.
தட்டைத் தூக்கி மேலிருந்து எட்டிப் பார்த்தேன்.
அங்கேயே கிடந்தது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

இரண்டாவது, நிறைந்த டம்ளர்மேல் ரம்மி சீட்டு.
கவிழ்த்துக் கையை எடு, காற்று தாங்கும்.
ஏழாயிரம் அடியில் காற்றே கொஞ்சம்தான்,
ஆனாலும் எடுத்தேன்.
காற்று தாங்கியது.
நான்தான் தாங்கவில்லை,
ஆச்சரியத்தில் டம்ளரையே விட்டுவிட்டேன்.
அப்படி ஒன்று, அடுத்த வாரம் ஒன்று,
அதற்குப் பிறகும் ஒன்று.
சகாயராணி துடைப்பத்தோடு வந்தாள்.
"கணக்குல முப்பத்தாறு காட்டணும், தெரியும்ல."
வேறு பேசவில்லை.

மூன்றாவதற்குக் காகிதக் கப் போதும்.
மூன்று கப், மூன்று காகித உருண்டை.
பார்ப்பவன் எண்ணுவது மூன்று.
நான்காவது ஒன்று
முன்பே ஒரு கப்புக்குள் போயிருக்கும்.
அவன் கவனிக்கத் தொடங்கும்போது
வேலை முடிந்திருக்க வேண்டும்,
பிறகு நகர்த்துவதெல்லாம் சும்மா.

ஆவணியில் முதலாளி வந்தார், திண்டுக்கல்லிலிருந்து.
கூட இரண்டு பேர், கையில் டேப்.
டீ கொடுத்துவிட்டு வித்தையும் காட்டினேன்.
உருண்டை ஒன்று உருண்டு
ஒருவர் செருப்பினடியில் போயிற்று.
சிரித்தார்கள், பெரிய மனது.
முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் வலது கையை நீட்டினார்:
"மஞ்சு விலகினா பெருமாள் மலை அப்படியே தெரியும்."
இரண்டு பேரும் பார்த்தார்கள்.
நாற்பது நாள் பழகியவன் நான்,
இடது கையைப் பார்த்தேன்.
நாலாக மடித்த பத்திரம்.
தேதி பங்குனி.
சித்திரையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து
அடுத்த சீசனுக்குப் புதுப் பெயிண்ட் என்றாரே,
அப்போதே அது கப்புக்குள் இருந்திருக்கிறது.
கோபம் வரவில்லை முதலில்.
சுத்தமான கை என்றுதான் தோன்றியது.
கோபம் ராத்திரி வந்தது.

கடைசி நாள் சாமான் ஒப்படைப்பு.
தலையணை, கம்பளி, வாளி.
புது ஆட்களின் கணக்கர் டம்ளரை எண்ணத் தொடங்கினார்.
முப்பத்துமூன்றுக்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்,
பூனை என்று.
முப்பத்துநான்கு, என்றார்.
முப்பத்தைந்து.
முப்பத்தாறு, சரி, டிக்.

மூன்றில் மட்டும் விளிம்பில் நீலக்கோடு.
ஒன்றின் அடியில்
மூஞ்சிக்கல் கடை விலைச்சீட்டின் பசை
விரலில் ஒட்டியது.
சகாயராணி முதுகைக் காட்டிக்கொண்டு
வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
எப்போது வைத்தாள்?
நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த
ஏதோ ஒரு மத்தியானம்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
"அந்தக் காசு வித்தையைக் காட்டு" என்றாள்.
நான் சொல்லாமலே மேசையை உலரத் துடைத்தாள்,
டம்ளரின் அடியையும்.
தண்ணீர் ஊற்றினேன். மறைந்தது.
தட்டை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.
"மூடாதே" என்று
மேலே குனிந்தாள்.
"எனக்கு அது அங்கயே இருக்கறதைத்தான் பாக்கணும்."