எழுபத்திரண்டாயிரம்

பாலக்கோடு இ-சேவை மையத்தில்
சொல்வதைத் தட்டுவது என் வேலை.

குவாரி முதலாளி
மகனின் உதவித்தொகைக்கு
வருமானச் சான்று கேட்டு வந்தார்.
வெளியே கார் அணையாமல் உறுமியது.
"வருசத்துக்கு எழுபத்திரண்டாயிரம், போடும்மா."

போன வாரம்தான்
அவரிடம் கல்லுடைக்கும் என் அப்பாவுக்கும்
அதே தொகையைத் தட்டினேன்.
அப்பாவின் கட்டைவிரலில் ரேகை இல்லையென்று
ஏழு தடவை சிவப்பு காட்டிய கருவி
இவருக்கு உடனே பச்சை.

அறுபது ரூபாய் என்றேன்.
நீட்டிய கையைத் தாண்டி
நூறு ரூபாய்த் தாளை மேசையில் போட்டார்.

மீதி நாற்பதை
நானும் மேசையிலேயே வைத்தேன்.

மின்விசிறிக் காற்றில்
ஒரு பத்து ரூபாய் நழுவித் தரையில் விழுந்தது.

யார் குனிவதென்று
இருவரும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.