எலிச்சேதம்

நடுவீரப்பட்டு தாண்டி
முந்திரித் தோப்புக்குள் இரண்டு கிலோமீட்டர்.
செம்மண்ணில் வண்டி வழுக்க
ஒருமுறை கால் ஊன்றினேன்.
பையில் மனு:
ஏழரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்று,
பதினோரு ஏக்கர்,
சூசையப்பர் பிள்ளைகள் இல்லம்.
மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்,
'சாமி பேரைச் சொல்லுவாங்க, நீ கணக்கப் பாரு.'

சிஸ்டர் ரெஜினாள்
சேலையை ஏற்றிச் செருகி வரப்பில் நின்றார்,
இடுப்பில் ஜெபமாலை, கையில் களைக்கொத்து.
சனிக்கிழமைப் பிள்ளைகள்
மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி
உதறிக்கொண்டிருந்தார்கள்.
முட்டிவரை சிவப்பு.

படிவத்தில் ஒரு கட்டம்: குடும்பத் தலைவர்.
கீழே இன்னொன்று: சார்ந்திருப்போர்.
'நாப்பத்து மூணு' என்றார் இரண்டாவதற்கு.
முதலாவதற்கு விரலை மேலே நீட்டினார்.
நிமிர்ந்தேன்.
தண்ணீர்த் தொட்டி இருந்தது.

கொளஞ்சி என்றொரு பையன்
பேனாவையே பார்த்தபடி வந்தான்.
'வட்டி ராத்திரியிலயும் வளருமா சார்?'
வளரும்.
'தண்ணி ஊத்தாமலா?'

பன்னிரண்டுக்கு மணி அடித்தது.
மதலைமுத்து டிராக்டரை நிறுத்தினார்.
எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள்,
செடி பிடித்த கை செடியோடு.
எனக்குத்தான் கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கோழிகளுக்கும்.

பேரேடு சுத்தம்.
பால் விற்றது, எரு விற்காதது,
தானே புயலில் சாய்ந்த பலா
மரத்துக்கொரு வரியாக.
விதை மல்லாட்டை மட்டும்
வாரந்தவறாமல் குறைந்து வந்தது.
எலி, இரண்டு படி.
எலி, மூன்று படி.
தவக்காலத்தில்
எலி, ஐந்து படி.

'இவ்ளோ எலியா சிஸ்டர்?'
அவர் பேரேட்டை மூடினார்.
'நாப்பத்து மூணு.'

பூட்டுப் போடலாமே என்றேன்.
போட்டாராம்.
'அஞ்சலாட்சின்னு ஒண்ணு.
வரும்போது நாலு வயசு.
தட்டுல போட்ட சோத்த நம்பாது.
நாளைக்கும் போடுவோம்னா அதையும் நம்பாது.
தலையணைக்குள்ள நாலு கொட்ட இருந்தாத்தான்
கண்ண மூடும்.
பூட்ட எடுத்துட்டேன்.'
பிறகு, மாடுகளுக்குச் சொல்வதுபோல,
'பொய் எழுதினத
பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன்.
சாமியாரும் பழகிட்டாரு.
இந்த வாரம் எத்தன படின்னுதான் கேக்கறாரு.'

கிளம்பும்போது ஒரு பை நீட்டினார்கள்.
வங்கி விதி, வாங்கக்கூடாது என்றேன்.
சிஸ்டர் வற்புறுத்தவில்லை.
ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்ததும்
தலையில் கொட்டியது
மண்ணும் மல்லாட்டையும்.
மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்
ஒரு சிரிப்பு ஓடியது.
ஒரு சிரிப்பல்ல, ஏழெட்டு.

பாலூர் டீக்கடையில் ஒன்றை உடைத்தேன்.
பச்சை. பால் வாசம்.
சட்டைக் காலருக்குள் இன்னும் மண்.
மிச்சத்தைத் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை.

திங்களன்று அறிக்கை.
மண், நல்லது. நீர், நாற்பதடியில்.
வருமானம், போதாது.
திருப்பிச் செலுத்தும் திறன்...
அந்த வரியில் கொஞ்சநேரம்
பேனாவை ஊன்றியிருந்தேன்.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
எலிச்சேதம் உண்டு. தொடரலாம்.

மேலாளர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
'எதுய்யா தொடரலாம்?
கடனா, எலியா?'