நெஞ்சைத் தொட்டுச் சொல்

சொகமோசோவில் எவெலியோவின் கடைக்கு
வெங்காயத்தாள் லாரியிலேயே போய் இறங்கினேன்.
விரலில் இன்னும் அந்த வாடை.
சைக்கிளைக் கடனில் வாங்கியாயிற்று,
இனி இதயத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்.

பயிற்சியாளர் என்று யாரும் எனக்கில்லை.
ரொட்டிக்கடை ஒடிலியாதான் சொன்னாள்:
"மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் பறக்கிறாய்,
பறக்க வேண்டிய நாளில் காலில்லை உனக்கு.
எண்ணைப் பார்த்து ஓட்டு, ரோசால்பா."
எண்ணைப் பார்த்துத்தானே வாழ்கிறேன்
நாற்பத்தொரு வருஷமாக.

முதலில் ஒரு கைக்கடிகாரம் காட்டினான்.
அடிவயிற்றில் பச்சை வெளிச்சம், மின்மினி போல.
கட்டிக்கொண்டு கடைவாசல் உருளைமேல் ஓட்டினேன்.
நான் திணறி முடித்த பிறகுதான்
அது திணறத் தொடங்கியது.
"குளிரில் கைக்கு ரத்தம் வராது, அதனால்தான்."
எங்கள் ஏரிக்கரையில்
குளிராத நாள் எது என்று கேட்டேன்.

பிறகு, முழங்கைக்குக் கீழே கட்டுகிற ஒன்று.
நல்லதுதான். விலையைக் கேட்டுக் கீழே வைத்தேன்.

கடைசியாக, மேஜை இழுப்பறைக்குள்ளிருந்து
ஒரு நெஞ்சுப் பட்டை,
ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னத் திரையோடு.
யாரோ உபயோகித்தது.
ரப்பரில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது யாருடைய உப்போ.
எச்சில் தொட்டு நனைத்து,
திரைச்சீலைக்குப் பின்னால் போய்,
ஆறு விரற்கடை சுருக்கிக் கட்டினேன்.
சில்லென்றது.
எழுபத்தொன்று என்றது திரை.

"இரண்டு லட்சம் பெசோ" என்றான்.

வெங்காயத் தரகர்கள் எதிரில்
இருபது வருஷம் பழக்கிய முகம் என்னுடையது,
இமைகூட அசையாது.
"வேண்டாம், அதிகம்" என்று கொட்டாவி விட்டேன்.
எவெலியோ என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
திரையைப் பார்த்தான்.
நூற்றுநான்கு.
"உனக்குப் பிடித்திருக்கிறது" என்றான்.

நெஞ்சைத் தொட்டுச் சொல் என்பார்கள்.
தொட்டுக்கொண்டிருந்தது, சொல்லிவிட்டது.

அவிழ்த்து மேஜைமேல் போட்டேன்.
"இப்போது நீ கட்டு. நான் விலை கேட்கிறேன்."
சிரித்தான். குழாயில் நனைத்தான்.
சட்டைக்குள் கை விட்டு,
பார்க்காமலேயே நீளத்தைத் தளர்த்தினான்,
சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"ஒரு லட்சம்." அறுபத்தெட்டு.
"ஒரு லட்சத்துப் பத்து." அறுபத்தெட்டு.
கல்நெஞ்சன்.
"நாற்பது" என்றேன், "ஒரு லட்சத்து நாற்பது."
எண் துள்ளியது. எண்பத்து மூன்று.
பிடித்துவிட்டேன் என்று கை தட்டினேன்.
அப்புறமும் நிற்கவில்லை அது.
நூற்று முப்பது, அறுபது,
நூற்றைம்பத்தொன்று, எழுபது.
ஒவ்வொரு முறையும் வேறொருவனுடையது போல.

"பட்டை கெட்டுப்போயிருக்கிறது, எவெலியோ.
இதற்கா இரண்டு லட்சம்?"

"பட்டை சரியாகத்தான் இருக்கிறது" என்றான்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
எதையோ கேட்க வாயெடுத்தேன்.
பட்டையைக் கழற்றி,
வேட்டியால் அல்ல, துணியால் அல்ல,
தன் உள்ளங்கையால் துடைத்துக் கொடுத்தான்.
"எழுபதாயிரம் கொடு. துவைக்கும்போது முறுக்காதே."

இன்று விடிகாலை எல் க்ருசேரோ ஏற்றம்.
பால் வண்டி ஒன்று முந்திப் போனது.
மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை,
திரை மட்டும் தெரிந்தது.
நூற்று அறுபத்தாறு. நூற்று அறுபத்தேழு.
செக்கு மாடு மாதிரி ஒரே சீராக.

மேட்டில் நின்று, வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டே
பொத்தான்களை அழுத்திப் பார்த்தேன்.
ஆண் என்றிருந்தது.
எண்பத்து நான்கு கிலோ.
பிறந்த வருஷம் அறுபத்தொன்பது.
எரித்த சக்தி, அந்த ஆளின் கணக்கில்.

மாற்றச் சொன்னாள் ஒடிலியா,
இல்லாவிட்டால் எல்லாம் தப்பாகக் காட்டுமாம்.
காட்டட்டும்.
துடிப்பு மட்டும் என்னுடையது.