கட்டுக்கு எட்டு குறையுது

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
நாலு வாசல் உள்ள பெட்டி ஒன்று என் பொறுப்பில்.
மூன்றாம் வாசல் ஆடியிலிருந்து கெட்டுக் கிடக்கிறது.
கடிதம் எழுதியாயிற்று. மறுபடியும் எழுதியாயிற்று.

பாப்பாக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்
பெயர் முப்பிடாதி.
வயது முப்பத்தொன்று என்றாள், சீட்டில் முப்பத்தெட்டு.
எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வரணும் என்றேன்.
வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்று
டப்பாவில் கொண்டுவந்தாள்.

ஒன்றுக்கு இரண்டாய் மருந்துநீர் ஊற்றிக் குலுக்கி
பதினைந்து நிமிடம் வைத்தால் கோழை தண்ணீராகும்.
அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்
ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பையை அவிழ்த்தாள்.

தின்று தீர்த்த மாத்திரை அட்டைகள்,
வாரத்துக்கு ஒன்றாகப் பதினேழு.
பீடி நூல் சுற்றி முடிச்சிட்டவை.
"கட்டுக்கு எட்டு குறையுது டீச்சர்.
இருபத்தஞ்சு ஆனா வியாதி போயிரும்னு நெனச்சேன்.
முழுங்காம தூரப் போடுதேன்னு வீட்டு ஆளு சொல்லுதாரு.
மாத்திரை கொண்டாற தம்பி நோட்டுலயே எழுதிட்டான்.
செவப்பாத்தான் போகுது, வந்து பாருங்கன்னேன்.
அதை எவன் வந்து பார்ப்பான்?"
சிரிப்பை இருமல் பாதியில் பிடுங்கிக்கொண்டது.

இரண்டாம் வாசலில் ஏற்றினேன்.
நடுவில் மின்சாரம் ஒருமுறை இமைத்தது,
பேட்டரி பிடித்துக்கொண்டது.
முன்பெல்லாம் கிருமியை வளர்த்துப் பார்க்க
வெளியூருக்கு அனுப்பி இரண்டு மாதம் காத்திருப்போம்.
சிலருக்கு முடிவு வந்து சேரும்போது
படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் ஆகவில்லை. திரையில் இரண்டு வரி.
கிருமி உண்டு.
ரிஃபாம்பிசினுக்கு அடங்காது.

எங்கோ ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
மருந்தில் முதல் எழுத்து மாறினால் விருந்து,
அவ்வளவுதான் நடந்திருக்கிறது இவள் நெஞ்சுக்குள்.
பதினேழு வாரம் விருந்து வைத்திருக்கிறாள்
வெறும் வயிற்றோடு, விடிகாலையில் எழுந்து.

எப்படிச் சொல்ல என்று நான் தடுமாறுகையில்
அவளே கேட்டாள்:
"மாத்திரைக்குக் கட்டுப்படாத பூச்சியா?"
ஆமாம்.
"நான் முழுங்காததுனால இல்லையே?"

பெட்டிக்கு அது தெரியாது.
வரும்போதே அப்படி வந்திருக்கலாம்,
ஏதோ பஸ்ஸில் யாரோ இருமியது.
கட்டை வாங்கி நான் எண்ணினேன். பதினேழு.

"அப்ப அதை எழுதிக் குடுங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
டாக்டருக்குப் போகும் சீட்டின் பின்புறம்
நீலப் பேனாவில் எழுதினேன்:
முப்பிடாதி எல்லா மாத்திரையும் விழுங்கியிருக்கிறார்.
கையெழுத்து. தேதி.
எனக்கு உரிமையில்லாத முத்திரையும் ஒன்று.

புது மாத்திரை, புதிதாய் ஆறு மாசம் என்றேன்.
தலையாட்டிவிட்டு நடந்தவள்
வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்தாள்.
"அதுக்கும் செவப்பாப் போகுமா?"
போகாது.
"அப்ப எதை வச்சு நம்புவாவ?"