வலது சைலன்சர்

எட்டாயிரம் கைமாற்று வாங்கி
மூன்று வருடம் கண்ணில் படாமல் திரிந்த தங்கப்பழம்
கடைசியில் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்
எண்பத்து நாலாம் வருஷத்து எஸ்டி ஒன்றை.
"அக்கா, இத வச்சுக்கிடுங்க. கணக்கு தீந்துபோச்சு."
சீட்டுக்குள் எலி பெற்றுப்போட்ட பஞ்சு.
ஹெட்லைட்டுக்குள் பாதிக் கிண்ணம் மழைத்தண்ணீர்.

ஆடி மாதம் பணகுடியில்
வெளியே உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது.
கணவாய்க் காற்று வாஷரையும் தூக்கிக்கொண்டு போகும்.
முன்னறையில் சாக்கை விரித்தேன்.
"சவத்த எடைக்குப் போட்டா நாலாயிரம் வரும்" என்றார் கொம்பையா.
சொல்லிவிட்டு டார்ச் அடித்தார்.

முதலில் பொறி.
பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் ஒட்டிவைத்து உதைத்தால்
ஒன்றுமில்லை.
பாயிண்டில் பாசிபோல ஏதோ பச்சை.
உப்புத்தாளை மடித்து நாலு இழுப்பு.
இடைவெளி பார்க்கிற தகடு வீட்டில் ஏது?
யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை, நல்ல கனம்.
'சுற்றமும் நட்பும் சூழ' என்ற மூலையை வெட்டி
நுழைத்துப் பார்த்தேன், இறுகப் பிடித்தது.
அடுத்த உதையில்
நீலமாய் ஒரு சொடக்கு.

பிறகு டேங்க். உள்ளே ஒரு சுரங்கத்துத் துரு.
பூங்கனி பிறந்தபோது அடித்த தொட்டில் கொக்கி
இன்னும் மேலே இருந்தது.
சேலையைக் கட்டி, டேங்கைக் கிடத்தி,
ஒரு படி சல்லிக்கல், வயிறு நிறையப் புளித்தண்ணீர்.
ஆட்ட ஆட்ட கரமுரவென்று அழுதது.
ஜன்னலில் எஸ்தர் டீச்சர்:
"ஏட்டி, யாரு பிள்ளை?"
மூன்றாம் நாள்தான்
கருப்பட்டிக் காப்பி நிறம் மாறித் தெளிந்த தண்ணீர் வந்தது.

எஸ்டிக்குக் கிக்கரும் கியரும் ஒரே லிவர்.
உள்ளே அழுத்தி, பின்னால் திருப்பி, உதைக்க வேண்டும்.
மறந்தால் அது உதைக்கும்.
என் கெண்டைக்காலில் மூன்று இடத்தில் கையெழுத்து.

ஓடியது. ஓடி,
இளைப்புக்காரன் மாடியேறுவதுபோல மூச்சு வாங்கி
நின்றது.
கார்பரேட்டரை நாலு தடவை இறக்கினேன்.
ஜெட்டை ஊதி வெளிச்சத்தில் பிடித்தால்
ஓட்டை ஊசிமுனையாய்த் துல்லியம்.
வள்ளியூர் மீரான் போனிலேயே தீர்ப்புச் சொன்னான்:
"புதுசு போடணும். மூவாயிரம்."

சனிக்கிழமை, கோபத்தில்
வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்.
ஒரு சிலிண்டர், இரண்டு குழாய்,
புகையோ இடது பக்கம் மட்டும்.
ஈரவிரல் வைத்தேன். இடது சுர்ரென்றது.
வலது, பானைத்தண்ணீர்க் குளிர்ச்சி.

குடைக்கம்பியால் குத்தக் குத்த மண் வந்தது.
குளவி மண்.
மேலே காயாத புதுசு. அதற்கடியில் பழசு.
அதற்கும் அடியில் தங்கப்பழம் ஒளிந்து திரிந்த மூன்று வருடம்.
அறை அறையாய்ச் சிலந்திகள்,
கால் மடக்கி, சாகாமல், அசையாமல்.
நடுவில் அரிசிப் பருமனில் வெள்ளையாய் ஒன்று நெளிந்தது.

"குளவி கூடு கட்டுனா வீட்ல பிள்ளை பொறக்கும்லா" என்றார் டீச்சர்.
எனக்கு நாற்பத்தேழு, டீச்சர்.
கொம்பையா டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தார்.
உடையாத இரண்டு அறைகளைச் சிரட்டையில் எடுத்து
பூங்கனி மதில்மேல் வைத்தாள்.

ஞாயிறு காலை இரண்டு பக்கமும் புகை.
காற்றாலைகளுக்கு நடுவே காவல்கிணறு வரை போனேன்.
ஹாரன் இல்லை, வாயால் கத்தினேன்.
முக்குக்கு முன்னால் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும்தான்
ஆர்.சி. புக் ஞாபகம் வந்தது.
வந்த வழியே திருப்பி,
ஓரமாய் நிறுத்தித் தங்கப்பழத்துக்குப் போன் போட்டேன்.
அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும்
வாயில் ஈரமண் உருண்டையோடு ஒரு குளவி.
மதில் சிரட்டையை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.
கொதிக்கிற வலது குழாயின் வாயை
நெருங்கும், விலகும்,
மறுபடி நெருங்கும்.
குழாய் ஆறும்வரை
சேலை முந்தியை வீசி விரட்டிக்கொண்டு
பக்கத்திலேயே நின்றேன்.